அடுப்பு தனி, புகை பொது

சங்கத்திற்கு நூல் வந்தால் நம்பரைச் சோதிக்கிறோம். சிக்கும் கழிவும் எவ்வளவு என்று பார்க்கிறோம். மக்காச்சோளம் வந்தால் ஈரப்பதம் பார்க்கிறோம். வெங்காயம் வந்தால் அழுகல் கலந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். குடிக்கும் தண்ணீரில் சிறிது நிறம் மாறினாலும் பேரூராட்சிக்கு மனுக் கொடுக்கிறோம். ஆனால், மனிதன் நாள் ஒன்றுக்கு உட்கொள்ளும் பொருள்களுள் மிகப் பெரிய அளவினதாகிய காற்றை எவரும் சோதிப்பதில்லை. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் பருகும் நீர் இரண்டு மூன்று லிட்டர். உள்ளிழுக்கும் காற்றோ 10,000 லிட்டருக்கும் மேல். அதிலும் பெரும்பகுதியைப் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் வீட்டிற்குள்ளேயே சுவாசிக்கின்றனர். ஆகையால், வீட்டுக் காற்றின் தூய்மை யாது, அது எவ்வாறு கெடுகிறது, அதைக் காக்க அங்கத்தினர் தனித்தும் சங்கமாகக் கூடியும் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்திலுள்ள பூலாம்பாடியை எடுத்துக்கொள்வோம். அருகே பச்சைமலை, சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகள். இத்தகைய ஊரில் காற்றுக்குப் பஞ்சம் ஏது என்று வெளியூரார் நினைக்கக்கூடும். ஆயினும் ஊரின் வெளிக்காற்று வேறு. அடுக்களையின் காற்று வேறு. பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிய மார், கதிரடித்தபின் எஞ்சிய மக்காச்சோளச் சக்கை, வேலியோரத்துச் சீமைக்கருவேல், மாட்டுத்தொழுவத்து வறட்டி ஆகிய இவை காசின்றிக் கிடைக்கும் எரிபொருள்கள். காசின்றிக் கிடைப்பதால் இவற்றுக்கு விலையே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அவ்விலையைக் கொடுப்பவர் யார், எதைக்கொண்டு கொடுக்கிறார் என்பதே இப்பாடத்தின் பொருள்.

புகை என்பது யாது?

விறகு முழுமையாக எரிந்தால் வெளிப்படுவன பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீராவியுமே. நம் அடுப்புகளில் அவ்வாறு முழுமையாக எரிவதில்லை. விறகில் ஈரம் இருத்தலும், அடுப்பின் வாயில் விறகை அடைத்து வைப்பதும், காற்று சரியாகப் புகாமையும் காரணங்களாம். அரைகுறையாக எரிந்த பகுதியே புகையாகிறது.

அப்புகையில் இரண்டு பொருள்கள் முக்கியமாகக் கவனிக்கத்தக்கவை. முதலாவது, நுண்துகள். இரண்டரை மைக்ரான் அளவுக்குட்பட்ட துகள் தலைமயிரின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே. மூக்கின் மயிரும் சளியும் தடுக்கக்கூடியவை பெரிய தூசிகளே. இந்நுண்துகள்கள் தடையின்றி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகின்றன. அவற்றுள் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு. இது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் எளிதாக இரத்தத்தின் சிவப்பணுப் பொருளோடு பற்றிக்கொள்ளும்; அதனால் உடலுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கினோர் உறக்கத்திலேயே இறந்துபடுவது இதனாலேயே.

கண்ணெரிச்சலும் இருமலும் புகையின் உடனடி விளைவுகள். ஆண்டுக்கணக்கில் தொடரும் புகையால் விளைவன மூச்சுக்குழல் அடைப்பு நோய், இருதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்று, கண்புரை ஆகியவை, குழந்தைகளுக்கு நிமோனியா. சமையற்புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

தமிழ்நாட்டு அடுக்களைகளில் அளந்து கண்டவை

சமையற்புகையை எவ்வாறு அளப்பது என்ற ஐயம் எழலாம். 1981ஆம் ஆண்டில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரும் இந்திய அறிஞர்கள் இருவரும் குஜராத்தின் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலோடு சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றையே அளந்தனர். கிராமத்துச் சமையற்புகையை முறையாக அளந்த தொடக்க முயற்சிகளுள் இது ஒன்று.

நம் மாநிலத்திலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்துள்ளது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவரோடு பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 436 வீடுகளின் காற்றை அளந்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்தவேண்டிய எண்கள் சில உண்டு. இவை ஒரு கன மீட்டர் காற்றில் கலந்துள்ள நுண்தூசியை மைக்ரோகிராமில் குறிப்பன. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

விறகு, வறட்டி முதலியன எரியும் வீட்டில் சமையல் நடக்கும் வேளையில் காற்றிலிருந்த தூசி 500 முதல் 2,000 வரை. ஒரு நாள் முழுவதற்குமான சராசரியைப் பார்க்கையில், அவ்வீட்டில் சமைப்பவர் சுவாசித்தது 231. சமைக்காதவர் சுவாசித்தது 90. எரிவாயு முதலிய தூய எரிபொருள் உள்ள வீட்டாரோ, சமைப்பவர், சமைக்காதவர் என்ற பெருவேறுபாடு இன்றி, 82 அளவே சுவாசித்தனர்.

இந்த மூன்று எண்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கவேண்டும். ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. மனைவியின் பங்கு கணவனுடையதைப்போல் இரண்டரை மடங்கு. தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும், அடுப்பருகே படுத்திருக்கும் பாட்டியும் பெறும் பங்கும் சிறிதன்று. வீட்டுச் செலவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் 90க்கு உரியவர். மூச்சுத் திணறுபவர் 231க்கு உரியவர். விறகடுப்பு மலிவானது என்று சொல்பவர் எவருடைய கணக்கேட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. தூய எரிபொருள் வீட்டின் 82 என்ற எண்ணும் குறைந்ததன்று. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிப்படி, நுண்துகள் ஒரு நாள் சராசரி 15ஐ மிகாதிருத்தல் நலம். இந்திய அரசின் 2009ஆம் ஆண்டுத் தரநிலைப்படி 60ஐ மிகலாகாது. மேற்கண்ட ஆராய்ச்சியில் அளந்த தூசி இந்நெறிகள் கூறும் துகளினும் சற்றே பருமனையும் உள்ளடக்கியதாகையால் இரண்டையும் எடைக்கு எடை ஒப்பிடலாகாது. எனினும், தன் அடுப்பில் புகையே இல்லாத வீட்டிற்கு இத்தனை தூசி எங்கிருந்து வந்தது என்ற வினா நிற்கிறது. பக்கத்து வீட்டு விறகடுப்பு, தெருவில் எரியும் குப்பை, காட்டில் கொளுத்தும் பயிர்க்கழிவு, மண்தூசி இவையன்றி வேறு எங்கிருந்து வரும்? சுவர் வைத்து வீட்டைப் பிரிக்கலாம். காற்றைப் பிரிக்க இயலாது. அடுப்பு அவரவர்க்குத் தனி. புகை ஊருக்குப் பொது. ஒருவர் தனியே முயன்று முழுப்பயன் காணமுடியாத காரியத்திற்குப் பலர் கூடவேண்டும் என்பதே கூட்டுறவின் முதற்பாடம் அன்றோ?

முன்னோர் முயற்சிகளும் அவை தரும் படிப்பினையும்

இத்தீங்கை நம் நாட்டார் இன்று நேற்றுக் கண்டாரல்லர். காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தின் நிலைக்களனாக விளங்கிய வார்தா மகன்வாடியில், புகைபோக்கியுடன் கூடிய ‘மகன் சூலா’ என்னும் மண் அடுப்பு 1947ஆம் ஆண்டையொட்டி உருவாயிற்று. அவ்வியக்கத்தை வழிநடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா ஆவார். பின்னர் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர் புகையில்லா அடுப்பொன்றை அமைத்து, அதைக் கட்டும் முறையை 1953இல் நூலாகவும் வெளியிட்டார். அதன்பின் மத்திய அரசு 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. நாடெங்கும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

இத்தனை அடுப்புகளும் எங்கே? பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தன. மண் வெடித்தது; புகைபோக்கியில் கரி அடைத்தது; பெரிய பானை அமராத அடுப்பை இடித்துவிட்டுப் பழையபடி கட்டிக்கொண்டவர் பலர். ஒடிசாவின் 44 கிராமங்களில் ஏறக்குறைய 2,600 குடும்பங்களிடையே பொருளியல் அறிஞர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆராய்ச்சி இதற்குச் சான்று. புகைபோக்கி அடுப்பு பெற்ற வீடுகளில் முதலாண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அக்குறைவு மறைந்தது. அடுப்பைப் பழுதுபார்ப்பாரும் இல்லை. இடைவிடாது பயன்படுத்துவாரும் இல்லை.

இதிலிருந்து பெறும் படிப்பினை தெளிவானது. பொருளைக் கொடுப்பது ஒரு நாட்காரியம்; பேணுவது நாள்தோறும் செய்யவேண்டிய காரியம். தறியை வாங்கிக் கொடுத்துவிட்டு அச்சும் விழுதும் மாற்ற ஏற்பாடு செய்யாத சங்கம் எந்நிலை அடையுமோ, அந்நிலையே அடுப்புத் திட்டமும் அடைந்தது.

எரிவாயுவும் அதன் கணக்கும்

2016ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தால், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் பெயரில் எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. இணைப்பு இல்லாத வீடு குறைந்தது உண்மை. எனினும், இணைப்பு உள்ள வீட்டிலும் விறகடுப்பு அணைவதில்லை. தேநீருக்கும் அவசரத்திற்கும் எரிவாயு. சோற்றுக்கும் குழம்புக்கும் வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சும் பருத்திக்கொட்டைக்கும் விறகு என்று பல வீடுகளில் இரண்டும் நடக்கின்றன. காரணம் அறியாமை அன்று. 14.2 கிலோ உருளையின் விலையை ஒரே நாளில் எடுத்து வைக்கவேண்டியிருக்கிறது. விவசாயிக்குப் பணம் வருவது அறுவடைக்கு அறுவடை. நெசவாளிக்கு வருவது வாரக்கூலி. உருளை தீர்வதோ இவ்விரண்டையும் பார்த்துத் தீர்வதில்லை.

எரிவாயுவுக்கு மாறினால் உண்மையில் பயன் உண்டா என்பதையும் நடுநிலையோடு பார்க்கவேண்டும். 2018 முதல் இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களிடையே ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியப் பகுதி நடந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் 18 மாதம் விலையின்றி வழங்கினர். மற்றவர் வழக்கப்படி விறகில் சமைத்தனர். விறகில் சமைத்தோர் சுவாசித்த நுண்துகளின் நடுவளவு 71. எரிவாயுவில் சமைத்தோருக்கு அது 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது சிறு பயனன்று.

ஆனால், 2022இல் வெளியான முடிவுப்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று 2024இல் வெளியிட்டனர். இதை மறைத்தல் முறையன்று. அதுபோலவே, இதனால் புகை தீங்கற்றது என்று முடிவு கட்டுவதும் முறையன்று. அப்பெண்கள் பல ஆண்டுகள் புகையில் வாழ்ந்தபின், கர்ப்பத்தின் இடையிலேயே எரிவாயு பெற்றனர்; எரிவாயு பெற்ற பின்னும் அவர்கள் சுவாசித்த 24 என்பது உலக நெறியாகிய 15க்கு மேற்பட்டதே. மேலும், நுரையீரலும் இருதயமும் அடையும் தேய்வு பல ஆண்டுகளில் சேர்வது. பதினெட்டு மாதத்தில் அளந்துவிடக் கூடியதன்று. சில மாதம் ஒரு வீட்டில் மட்டும் புகை நின்றால் போதாது, நெடுங்காலம் ஊர் முழுவதும் நிற்கவேண்டும் என்று இதிலிருந்து கொள்வதே பொருந்தும்.

தறி உள்ள வீடு, தானியம் உள்ள வீடு

வீட்டுக் காற்றைக் கெடுப்பது அடுப்பு ஒன்றே அன்று. நம் தொழில்கள் வீட்டிற்குள்ளேயே நடப்பதால் அவற்றின் தூசியும் ஆவியும் நம்மோடு உறங்குகின்றன.

நெசவாளர் வீட்டில் தார் சுற்றும்போதும் நெய்யும்போதும் பஞ்சுத் தூசி பறக்கிறது. பஞ்சாலைகளில் நெடுநாள் உழைத்தோருக்கு வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் பஞ்சுத் தூசியே. கைத்தறியில் தூசி அத்தனை இல்லை எனினும், காற்றோட்டமற்ற சிற்றறையில் அது சேர்ந்துகொண்டே போகும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மேலெழும்பும். ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். சாயம் தோய்ப்பதற்குரிய காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் அடுக்களையிலோ படுக்கையறையிலோ இருத்தலாகாது. ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பற்றவும், மூச்சை அடைக்கும் கந்தக வாயுவை வெளியிடவும் கூடியது. ஈரமில்லாத இடத்தில் இறுக மூடி வைக்கவேண்டும்.

குழித்தறி வீட்டார்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். தறிக்குழியே அப்பள்ளம். ஆகையால் தறி இருக்கும் அறையில் உருளையை வைத்தலாகாது. மணம் தெரிந்தால் மின்விசையைப் போடாமலும் அணைக்காமலும், தீக்குச்சி கிழிக்காமலும், உருளையின் விசையை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறிய பின் 1906 என்ற அவசரத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

விவசாயி வீட்டில் பூச்சிமருந்து ஒரு மூலையிலும் தானிய மூட்டை மற்றொரு மூலையிலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. மூடி திறந்த புட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். மருந்துக்கு வீட்டிற்கு வெளியே பூட்டுள்ள தனி இடம் வேண்டும். அதனினும் கொடியது தானியத்தில் வண்டு விழாமல் இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்ட அளவில் அது பாஸ்பீன் என்னும் கொல்லும் வாயுவை வெளியிடும். பயிற்சி பெற்றோர், ஆட்கள் வசிக்காத கிடங்கில் மட்டுமே கையாளவேண்டிய அப்பொருளை, மனிதர் உறங்கும் வீட்டிலோ அதை ஒட்டிய அறையிலோ இடுதல் குடும்பத்தையே பலியிடுவதாகும்.

இரவில் கொளுத்தும் கொசுவர்த்திச் சுருளையும் சொல்லியாகவேண்டும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. சன்னலை அடைத்து, சுருளைக் கொளுத்தி, குழந்தையை உறங்கவைப்பதைக் காட்டிலும் கொசுவலை கட்டுதல் எவ்வளவோ மேல். வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் மூலிகையினால் உண்டாவன ஆயினும் நுரையீரலுக்கு அவையும் புகையே. பீடி, சிகரெட்டுப் புகையைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வீட்டிற்குள் புகைப்பவர் தம் குழந்தைகளையும் புகைக்கச் செய்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் படரும் பூஞ்சணமும் இளைப்பு நோயைக் கிளப்பும். கூரை ஒழுக்கை மழைக்கு முன் அடைத்தலும், மழை விட்ட வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தலும் அதற்கு மருந்து.

வீட்டளவில் செய்யத்தக்கவை

செலவின்றியே செய்யக்கூடியவற்றை முதலில் கூறுவோம்.

1. விறகைப் பிளந்து, மழை படாமல் அடுக்கி, நன்கு உலர்ந்தபின் எரிக்கவேண்டும். ஈர விறகு புகையைப் பெருக்கும், வெப்பத்தைக் குறைக்கும்.

2. அடுப்பு மூட்டப் பிளாஸ்டிக் பையையும் பாலிதீன் தாளையும் ரப்பரையும் பயன்படுத்துதல் கூடாது. அவற்றின் புகை விறகுப் புகையினும் நச்சுடையது. உலர்ந்த தென்னம்பாளையும் சோளச் சக்கையும் போதும்.

3. அரிசியையும் பருப்பையும் முன்னதாக ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் எரியும் நேரம் குறையும். குக்கர் உள்ள வீட்டில் இன்னும் குறையும்.

4. வெந்நீர், மாட்டுத் தீவனம், நெல் அவித்தல் ஆகியவற்றுக்குரிய அடுப்பை வீட்டிற்கு வெளியே, காற்று வீட்டை நோக்கி வீசாத பக்கத்தில் அமைக்கவேண்டும்.

5. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதபடி, அவ்வேளையில் வீட்டிலுள்ள மற்றொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்வுதவிக்குக் காசு வேண்டா, மனம் வேண்டும்.

அடுத்து, சிறு செலவில் செய்யத்தக்கவை. பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டிடுக்கு வழியே புகை ஓரளவு வெளியேறும். புதிதாகக் கட்டும் காங்கிரீட் வீட்டில் அவ்வழி இல்லை. வீடு நன்றாக இருக்கிறது, புகை உள்ளேயே நிற்கிறது. எனவே, அடுக்களையில் கூரையை ஒட்டி ஒரு திறப்பும், தாழ ஒரு திறப்பும் எதிரெதிராக விடவேண்டும். சூடான புகை மேல்வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழியே புகும். எரிவாயு உள்ள வீட்டிலும் கசிவு வெளியேறத் தரையோரத் திறப்பு தேவை. புகைபோக்கி அமைப்பவர் அதைக் கூரைக்கு மேல் உயர்த்தவேண்டும். சன்னல் உயரத்தில் நிறுத்தினால் நம் புகை அண்டை வீட்டிற்குப் போகும். மாதம் ஒருமுறை அதில் படிந்த கரியைத் தட்டி எடுக்கவும் வேண்டும்.

வாசனைத் தெளிப்பான்கள் நாற்றத்தை மறைக்குமேயன்றிக் காற்றைத் தூய்மைப்படுத்தா. தொட்டியில் செடி வைத்தல் கண்ணுக்கு இனிது. அடுப்புப் புகையை அகற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. புகை உண்டாகாமல் தடுத்தல் முதல் வழி. உண்டானதை வெளியேற்றுதல் இரண்டாம் வழி. மூன்றாம் வழி ஒன்று இல்லை.

சங்கம் செய்யத்தக்கவை

வீட்டளவில் ஆனவை இவ்வளவே. இதற்குமேல் சங்கம் கைகொடுக்கவேண்டும்.

முதலாவது, உருளைச் சேமிப்பு. ஒரு குடும்பத்திற்கு ஓர் உருளை 49 நாள் வருமானால், அஃது ஏழு வாரம். விலையில் ஏழில் ஒரு பங்கை வாரந்தோறும் கூலியிலிருந்து எடுத்துவைத்தால், உருளை தீரும் நாளில் பணம் தயாராக இருக்கும். விவசாய அங்கத்தினர் அறுவடைப் பணத்தில் ஓராண்டுத் தேவையை முன்னதாகவே செலுத்தி வைக்கலாம். துணைவிதிகள் இடம் தருமளவில் இதற்கெனத் தனிப் பேரேடு தொடங்கி, குடும்பத்தலைவி பெயரிலேயே கணக்கை வைத்தல் பொருத்தம். பெரிய உருளையின் விலையை ஒரே தவணையில் கொடுக்க இயலாதவர்க்கு 5 கிலோ சிற்றுருளையும் உண்டு என்பதை அறிவிக்கவேண்டும்.

இரண்டாவது, பேணுதற் பொறுப்பு. விறகடுப்பு உள்ளமட்டும் அதைச் செம்மை செய்யவும், புகைபோக்கியைத் துப்புரவாக்கவும், எரிவாயுக் குழாயைச் சோதிக்கவும் தெரிந்த இருவரைப் பயிற்றுவித்துத் தெருத்தெருவாக அனுப்பலாம். மேற்கண்ட அரசுத் திட்டம் தவறவிட்டது இதுவே.

மூன்றாவது, பொதுக் கட்டுப்பாடு. குப்பையையும் பயிர்க்கழிவையும் தெருவிலும் வயலிலும் கொளுத்துவதில்லை என்று அங்கத்தினர் கூடித் தீர்மானிக்கலாம். பருத்தி மாரையும் மக்காச்சோளத் தட்டையையும் தூளாக்கி மண்ணில் மடக்கி உழுதால் எருவாகும்; அதற்குரிய இயந்திரத்தை ஒவ்வொருவரும் வாங்க இயலாது; சங்கம் வாடகைக்கு ஏற்பாடு செய்யலாம்.

நான்காவது, தீர்மானத்தில் பெண்களின் குரல். 231 என்ற அளவைச் சுவாசிப்பவர் இல்லாத கூட்டத்தில், அடுப்பைப்பற்றித் தீர்மானம் எழுதுதல் தறியேறாதவர் பாவின் நீளத்தைத் தீர்மானிப்பது போலாகும்.

கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் விறகு எரிகிறது? அதில் எவ்வளவு நேரத்தை வெளியடுப்புக்கு மாற்றலாம்?

2. விறகு பொறுக்கவும் வெட்டவும் வாரத்தில் செலவாகும் நேரம் எவ்வளவு? அந்நேரத்தில் எத்தனை முழம் நெய்யலாம், அல்லது எவ்வளவு கூலி ஈட்டலாம்?

3. எரிவாயு இணைப்பு இருந்தும் விறகில் சமைக்கக் காரணம் யாது? விலையா, உருளை வரும் தாமதமா, பாத்திரத்தின் அளவா, சுவையா?

4. நம் தெருவில் எவருடைய புகை எவர் வீட்டிற்குள் போகிறது? அதைச் சண்டையின்றி எவ்வாறு தீர்க்கலாம்?

5. தறியறையிலும் தானிய அறையிலும் உறங்குவோர் யார்? அவர்களுக்கு வேறு இடம் உண்டா?

இவ்வினாக்களுக்கு விடை எழுதும்போது வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதுதல் நலம். விறகின் விலையை நாம் பணத்தில் கணக்கிட்டதில்லை. அவர்கள் இதுகாறும் மூச்சில் செலுத்தி வந்துள்ளனர். அக்கடனைக் குறைக்கும் வேலையைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.